நான் நடத்திய ஒற்றைக்குழல் ஆராய்ச்சி

வேலை கிடைக்காத பட்டதாரியிடம் எந்தப் பொறுப்பையும் கொடுக்காதீர்கள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால்கூட, கல் உப்பா தூள் உப்பா, எந்தக் கடை உப்பு வெள்ளை, எது சீக்கிரம் நீர்த்துப் போகும் என்று ஆரம்பித்துவிடுவான். அதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிடும். எழுபதுகளின் கடைசியில் நான் அப்படி ஒரு பட்டதாரி. மதுரையில் பௌதிகம் படித்து முடித்துவிட்டு, ராசிங்காபுரத்தில் அப்பாவின் வீட்டில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். (யாரும் கேட்கவில்லை. அதனால் என்ன?) ஊரில் எத்தனையோ பேர் இருக்க, போயும் போயும் என்னிடம் ஒரு துப்பாக்கி வாங்கும் வேலையைக் கொடுத்தார் அப்பா.

போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே மலைச்சரிவில் எங்களுக்கு ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. எஸ்டேட், பங்களா என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். தகரக் கொட்டகை ஒன்று, அதில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வருஷத்துக் காயை நம்பித்தான் என் அக்கா பாண்டியம்மாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கின. பன்றி ஏலக்காயைத் தின்றாலாவது போகட்டும் என்று விடலாம். அது கிழங்கையும் புழுவையும் தேடித் தூரையே உழுது புரட்டிப் போட்டுவிடும். தகரம் தட்டினோம், வெடி போட்டோம். பன்றிகள் பழகிக்கொண்டன. விடியற்காலையில் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் அப்பா, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கொல்லைப்புறமாகவே வீட்டுக்குள் வருவார்.

அலையாய் அலைந்து, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினார். குறித்த கெடுவுக்குள் துப்பாக்கியை வாங்கிக் கொண்டுபோய்க் காட்டவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

"படிச்சவன் நீ. நல்லதா, கையக் கடிக்காத விலையில, பாத்து வெரசா ஒண்ண எடுத்துக் கொண்டா" என்றார் அப்பா.

'பாத்து' என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. 'வெரசா' விழவில்லை.

முதலில் மதுரைக்குப் போய்த் துப்பாக்கிக் கடை ஒன்றில் ஏறினேன். அங்கே இருந்ததிலேயே விலை குறைந்த புதுத் துப்பாக்கியை வாங்கிக் குழலுக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்தேன். கட்டையைத் தட்டிச் சத்தம் கேட்டேன். கையோடு கொண்டுபோயிருந்த ரசமட்டத்தைக் குழல்மீது வைத்தேன். கடைக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார்.

"சுட்டுப் பார்க்கலாமா?" என்றேன்.

"ஏன் தம்பி, தீப்பெட்டி வாங்குறப்ப ஒவ்வொரு குச்சியா உரசிப் பாத்துட்டுத்தான் வாங்குவீகளா?" என்று கேட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சோதிக்க முடியாத பொருளை வாங்குவது அறிவியலுக்கு விரோதம் என்று நானும் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தால் வீரணன் மாமா உட்கார்ந்திருந்தார். என் அம்மாவின் தம்பி, பொட்டிபுரத்துக்காரர். அவரிடம் பழைய ஒற்றைக்குழல் ஒன்று உண்டு. காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டதால் அது பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் போயி எதுக்கு மச்சான் காசச் செலவழிக்கிறீக? என் துப்பாக்கிய உங்க பேருக்கு மாத்தி எழுதிக்கங்க. பாண்டியம்மா கல்யாணத்துக்குத் தாய்மாமன் செய்யிற சீருல இதும் ஒண்ணுன்னு வச்சுக்கங்க" என்றார்.

அறிவுள்ளவன் அந்த இடத்திலேயே கும்பிட்டு வாங்கியிருப்பான். எனக்கோ, ஒரு மனிதர் ஒரு பொருளைச் சும்மா தருகிறார் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று தோன்றியது. (இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று விடலாம் போலிருக்கிறது.)

"அப்படியெல்லாம் உடனே எடுக்கக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்" என்றேன்.

மாமா சிரித்தார். "பாரு மருமகனே, நல்லாப் பாரு" என்றார். அவருக்குத் தன் துப்பாக்கிமேல் அவ்வளவு நம்பிக்கை.

ஒப்பிடுவதற்கு இன்னொரு துப்பாக்கி வேண்டுமே. எங்கள் தோட்டத்துக்கு மேலே, எல்லையை ஒட்டித் தோட்டம் வைத்திருந்த மத்தாயிச்சன் தன் ஒற்றைக்குழலைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். மலையாளக் கிறிஸ்தவரான அவர் தன் ஊருக்குத் திரும்பிப் போகும் யோசனையில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு துப்பாக்கிகளும் அவற்றின் சொந்தக்காரர்களோடு எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

மண்மேட்டில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, அதில் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். பிறகு விதிமுறைகளை அறிவித்தேன். சுடுகிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், ஆகவே இரண்டையும் அப்பாதான் சுடுவார். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தோட்டாதான். சோதனை தொடங்கிவிட்டால் சொந்தக்காரர்கள் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.

மத்தாயிச்சன் தன் துப்பாக்கியைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். "தம்பி, நம்மட தோக்கு கொறச்சு மேலே..."

"பேசக்கூடாது!" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"என் துப்பாக்கிய நான் துண்டால ஒரு தொட தொடச்சுட்டுத் தாரேன்" என்றார் மாமா.

"தொடக்கூடாது!" என்றேன். அவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பெரியவர்கள் இருவர் என் பேச்சுக்குக் கட்டுப்படுகிறார்கள் என்பதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இதற்கெல்லாம் சற்று முன்னால் நடந்த ஒன்றை நான் பொருட்படுத்தவே இல்லை. அக்காவையும் கூட்டிக்கொண்டு, எல்லாருக்கும் சோற்றுத் தூக்கோடு மேலே வந்திருந்த அம்மா, "ஆயுதத்தச் சும்மா தொடக்கூடாதுய்யா" என்று சொல்லி, சூடம் காட்டி, இரண்டு துப்பாக்கிகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். மாமாவின் துப்பாக்கிக்கு, கூடப் பிறந்த தம்பியின் பொருளாயிற்றே என்று, உருட்டித் திரட்டிச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். மத்தாயிச்சனின் துப்பாக்கிக்கு வந்ததும் தயங்கினார். "வேதக்காரவுக சாமான். அவுக மனசுக்கு எப்பிடியோ?" என்றார். "வச்சோ சேச்சி, ஒரு குழப்பமும் இல்லா" என்று அவர் சொன்ன பிறகு, மரியாதைக்கு ஒற்றை விரலால் மெல்லிசாக ஒரு தீற்றல் தீற்றினார். எங்கள் வீட்டில் தராசுக்குப் பொட்டு உண்டு, சைக்கிளுக்குப் பொட்டு உண்டு, பம்ப்செட்டுக்குப் பொட்டு உண்டு. பொட்டு இல்லாவிட்டால்தான் கண்ணை உறுத்தும். அம்மா பொட்டு வைத்த இடம், குறிபார்ப்பதற்காகக் குழல் நுனியில் இருக்கும் சின்னஞ்சிறு மணியின் உச்சி. அங்கிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அப்பா முதலில் மாமாவின் துப்பாக்கியைச் சுட்டார். சாக்குக்குக் கீழே மண் தெறித்தது. மறுபடி சுட்டார். அதே இடம். மூன்றாவது முறையும் மண்தான். மாமாவின் முகம் கறுத்தது. அடுத்து மத்தாயிச்சனின் துப்பாக்கி. வட்டத்துக்கு நடுவில் ஓட்டை விழுந்தது. அடுத்த குண்டு அதற்குப் பக்கத்திலேயே விழுந்தது.

"எந்தா இது! என்ட கையில ஒரு நாளும் இது இங்ஙனே கொண்டிட்டில்லா!" என்று மத்தாயிச்சன் வாயைப் பிளந்தார். தன் கையில் ஒருநாளும் இப்படிக் குறியில் பட்டதில்லை என்று சொந்தக்காரரே ஆச்சரியப்படுகிறாரே, ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பாவம், இவருக்குச் சுடத் தெரியவில்லை என்று முடிவுகட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் இலையைப் போட்டு உட்கார்ந்த பிறகு, ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். "மாமா துப்பாக்கியின் குழல் கோணல். பன்றி மண்ணுக்கு அடியில் வந்தால் ஒருவேளை உதவும்" என்றேன். கடைசி வாக்கியத்துக்கு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாமா சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினார். "கோணக் குழல்காரன் சீரு உங்களுக்கு எதுக்குக்கா? கல்யாணத்துல மாலை எடுத்துக் குடுக்க நேரான ஆளாப் பாத்துக்கங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, துப்பாக்கியோடு ரோட்டுக்கு இறங்கி, கீழே போகிற ஏலக்காய் லோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்விட்டார். அம்மா ஒரு மூச்சு அழுதார். தாய்மாமன் வராத பந்தலில் எந்தப் பெண்ணை உட்காரவைப்பது? மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏது என்று கேட்டால், துப்பாக்கி சரியாகச் சுடவில்லை என்றா சொல்ல முடியும்?

"எல்லாம் அறிவியல்" என்றேன் நான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பதில் அவள் அந்தத் துப்பாக்கியாலேயே சுட்டிருக்கலாம்.

கெடு நெருங்கியதால் அப்பா வேறு வழியில்லாமல் மத்தாயிச்சனின் துப்பாக்கியை வாங்கினார். பேர் மாற்றி, காட்ட வேண்டிய இடத்தில் காட்டி, மண்ணெண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்து வைத்தார். அன்று சாயங்காலமே பன்றிகள் வந்தன. அப்பா நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார். பன்றிகளுக்கு மேலே பலாமரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து விழுந்தது. பன்றிகள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்து தோண்ட ஆரம்பித்தன. மறுநாளும் கிளைதான். அதற்கு அடுத்த நாளும் கிளைதான். தோட்டத்தில் ஏலத்தூர்களும் குறைந்தன, பலாக் கிளைகளும் குறைந்தன.

"அப்பா, நீங்கள் மூச்சை அடக்கிச் சுட வேண்டும்" என்று நான் யோசனை சொன்னேன். அப்பா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எந்திரிச்சுப் போயிரு" என்று மட்டும் சொன்னார். அவர் என்னை அதற்கு முன் அப்படி விரட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. துப்பாக்கிக்குத் திருஷ்டி பட்டுவிட்டது என்று அம்மா கற்பூரம் சுற்றிப் போட்டு, நுனியில் ஒற்றை விரலால் சந்தனம் தீற்றினார். அன்று அப்பா சுட்ட முதல் குண்டு, முன்னால் நின்ற பன்றியின் மூக்கடியில் போய் இறங்கிற்று. கூட்டம் அலறியடித்து ஓட்டம் பிடித்தது.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் ஓடிப்போய்த் துப்பாக்கியின் நுனியைப் பார்த்தேன். நுனி மணி சந்தனத்தால் உயர்ந்தால், கண்ணுக்கு நேராக வைக்கும்போது குழல் தாழும். குழல் தாழ்ந்தால் குண்டு கீழே போகும். மேலே சுடுகிற துப்பாக்கிக்கு மெல்லிசாகப் பூசினால் அது நேராகிவிடும். நேராகச் சுடுகிற துப்பாக்கிக்கு உருண்டையாக அப்பினால் அது மண்ணைத்தான் சுடும். காசு கட்டி மூன்று வருஷம் படித்த பௌதிகம் இது. என் தாய் என் கண்ணெதிரே செய்முறையாகவே செய்து காட்டியிருக்கிறார். நான் இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிடவில்லை. அம்மா தம்பிமேல் வைத்த பாசத்தையும் பக்கத்துத் தோட்டக்காரர்மேல் வைத்த மரியாதையையும்தான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவும் நானும் தட்டில் பழம் வெற்றிலை வைத்துக்கொண்டு பொட்டிபுரம் போனோம். மாமா 'வாங்க' என்றார், அப்பாவைப் பார்த்து மட்டும். விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார். நுனியில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. அன்றைக்கு என்மேல் வந்த கோபத்தில் அதைத் துடைக்காமலே பெட்டிக்குள் போட்டிருக்கிறார். நகத்தால் சுரண்டி, துண்டால் துடைத்து, கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தென்னையின் ஒற்றைக் காயைச் சுட்டார். காய் விழுந்தது.

"கோணலா மருமகனே?" என்றார்.

"இல்லை மாமா." "நான்தான் கோணல். கல்யாணத்துக்கு வாங்க மாமா. அக்கா பாவம்."

மாமா உள்ளே போய் இரண்டு பட்டுச்சேலைகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஒன்று பச்சை, ஒன்று அரக்கு. அத்தனை கோபத்திலும் அக்காவுக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறார் மனிதர்.

"பாண்டியம்மாளுக்கு எடுத்தது. இதுல எது நல்லாருக்கு? நல்லாச் சோதிச்சுப் பாத்துச் சொல்லு."

மன்னித்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் புத்தி உடனே பழைய இடத்துக்குப் போய்விட்டது. சேலைகளை வெளிச்சத்தில் பிடித்தேன், நூலை இழுத்தேன், சரிகையைச் சுரண்டினேன். "பச்சைதான் மாமா. அரக்கு வேண்டாம்" என்றேன்.

மாமா அரக்குச் சேலையை எடுத்துத் தட்டில் வைத்தார். "அப்ப இதுதான் நல்ல சேலை" என்றார். அப்பா சிரித்தார். பன்றி இறங்கிய நாளிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தை மாதம் மாமா மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்து, மாலை எடுத்துக் கொடுத்து, கல்யாணத்தை ஜாம்ஜாம் என்று நடத்தினார். அரக்குச் சேலை அக்காவுக்கு அப்படிப் பொருந்தியது. மாமாவின் மனைவி எடுத்துக்கொண்ட பச்சை, ஒரே தடவை துவைத்ததில் சாயம் போய்ச் சீரழிந்ததாம்.

அன்றோடு என் குடும்பம் ஒரு முறையைக் கண்டுபிடித்துவிட்டது. கறவை மாடா, கிரைண்டரா, வீட்டு மனையா, எதுவானாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். "தம்பி எது வேணாம்னு சொல்லுது?" என்று அக்கா கேட்பாள். நான் வேண்டாம் என்பதை வாங்கிக்கொண்டு போவார்கள். நான் திட்டியும் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன். வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியும் பார்த்தேன். அதையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். என் மகள், தான் விரும்பிய பையனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, குலைநடுக்கம் எடுக்கும்படி அவனைக் கேள்வி கேட்டு, "சரிப்பட்டு வராது" என்று சொல்லிவிட்டேன். அக்கா ஒரே துள்ளாய்த் துள்ளி எழுந்தாள். "சரிப்படாதாம்டீ!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, அன்றைக்கே பையனுக்குப் பூவும் பழமும் கொடுத்து நிச்சயம் செய்துவிட்டாள்.

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது.