அஞ்சாம் மாடி, மூணாவது கதவு

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த ஒரே வேலை, கீழ போயி அப்பளம் வாங்கிட்டு வர்றது.

பிரிஞ்சாங் டவுன்ல புதுக் கட்டடம் எங்களோடது. கீழ கடைங்க, மேல ரெண்டு பிளாக் வீடுங்க. விக்கும்போதே ஏஜென்ட் சொன்னான்: "நவீன வாழ்க்கை லா சார். லிப்ட்ல இறங்கினா கடை, ஏறினா வீடு." அலங்காரம் இல்லாததுதான் அழகாம். எல்லாக் கதவும் ஒரே சாம்பல் நிறம். காத்து வரணும்னு நடைபாதைக்குச் சுவரே வைக்கல. கேமரன் மலையில காத்துக்குப் பஞ்சம் பாருங்க.

அன்னிக்கு எங்க தலைமையாசிரியர் சாப்பிட வர்றாரு. ஈப்போவுக்கு மாத்தல் கேட்டிருக்கேன், அவர் சிபாரிசு வேணும்.

"வர்ற நேரமாச்சு, ஓடுங்க"ன்னா என் மனைவி வசந்தி.

அப்பளம் வாங்கினேன். பக்கத்துல பக்கத்துல ரெண்டு லிப்ட், பிளாக்குக்கு ஒண்ணு. எது வந்துச்சோ அதுல ஏறினேன்.

அஞ்சாம் மாடியில கதவு தெறந்தா, நடைபாதை முழுக்கப் பனிமூட்டம். வீட்டு நம்பரே தெரியல. பரவால்ல, நான் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவன், பனி எனக்குப் புதுசா? செவத்தத் தடவிக்கிட்டே போயி மூணாவது கதவுல சாவியப் போட்டேன்.

திரும்பல.

தட்டினேன். பதில் இல்ல. பலமாத் தட்டினேன்.

"வசந்தி, சீக்கிரம் தொற. அந்தாளு வந்து உக்காந்தா லேசுல எந்திரிக்க மாட்டாரு. பேசியே கொன்னுடுவாரு."

கதவு தெறந்துச்சு. வசந்தி இல்ல. ஒரு சீன ஆன்ட்டி.

அவங்களுக்குப் பின்னால, சோபாவுல தேத்தண்ணிக் கோப்பையோட, எங்க தலைமையாசிரியர்.

"நீங்க அஞ்சாம் மாடி, மூணாவது கதவுன்னுதான் சொன்னீங்க சார். எந்த பிளாக்னு சொல்லல"ன்னாரு.

நான் அப்பளத்தப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னேன்.

"எந்திரிச்சுப் போகத்தான் பாத்தேன். இந்தப் பனியில வழி தெரியல"ன்னாரு, மெதுவா.

ஆன்ட்டி "மாசுக் லா"ன்னு என்னையும் உள்ள கூப்பிட்டாங்க. கையில இருந்த அப்பளத்த விருந்தாளி கொண்டுவந்த பலகாரம்னு நெனச்சு, நன்றி சொல்லி வாங்கி வச்சுக்கிட்டாங்க.

பனி கலையிற வரைக்கும் நாங்க மூணு பேரும் அங்கேயே உக்காந்திருந்தோம். தலைமையாசிரியர் ஒரு வார்த்த பேசல. சிபாரிசப் பத்தி நானும் கேக்கல.

நவீன கட்டடத்துல அடுத்தவங்க வீட்டுக் கதவத் தட்டுறது சகஜம். தட்டும்போது வாயத் தொறக்காம இருந்தா போதும்.