பிரெக்சிற் அண்ணையின் ஆட்டுக்கறி

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் வந்து நிற்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ரொறொன்ரோவில், மோர்னிங்சைட்டில் ஒரு தமிழ்க் கடையில் காசு வாங்கும் காஷில் நிற்கிறேன். ஆனால் பிரெக்சிற் அண்ணையைப் பற்றி யாராவது எழுதத்தானே வேண்டும்?

பிரித்தானியாவை ஐரோப்பாவிலிருந்து தனி ஆளாகப் பிரித்தெடுத்தவர் அவர். கோடிக்கணக்கானவர்கள் வாக்களித்திருக்கலாம், அவர் சொல்வதைக் கேட்டால் மற்றவர்கள் எல்லாம் சும்மா துணைக்குப் போனவர்கள்.

லண்டனில் நெடுங்காலம் இருந்துவிட்டு மகளோடு வசிக்க இங்கே வந்தவர். கடைக்குள் நுழைந்ததும் விசாரணை தொடங்கும்.

"பிள்ளை, உந்தத் தக்காளி எந்த நாடு?"

"மெக்சிக்கோ அண்ணை."

"வை அங்க."

அமெரிக்கா கனடாவுக்கு வரி போட்டபோது பெரிய கடைகளில் கனடாச் சாமான்களுக்கு மேப்பிள் இலை ஸ்ரிக்கர் ஒட்டினார்கள். அண்ணை தன் காசில் ஒரு சுருள் இலை வாங்கிவந்து எங்கள் கடையிலும் ஒட்டப் புறப்பட்டார். தமிழ்க் கடையில் எதில் ஒட்டுவது? அரிசி இந்தியா, தேங்காய்ப்பால் தாய்லாந்து, கருவாடு இலங்கை. மைசூர்ப் பருப்பு கனடாவின் சஸ்கச்சுவானில் விளைந்தது என்று பையில் கண்ட அன்று, பேரன் பிறந்ததுபோல எல்லோருக்கும் சொன்னார். மிச்ச இலைகளைப் பனி அள்ளும் சவளில் ஒட்டினார். அது சீனாவில் செய்தது என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இறைச்சி வெட்டும் ஹமீது நானா மட்டும் அவரை விடமாட்டார். மன்னார்க்காரர், வாய் கொஞ்சம் நீளம். ஏன் பிரிய வேண்டும் என்று வாக்களித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டார்.

"நாடு எண்டால் ஒரு வாசல் இருக்கவேணும். வாசலில ஒரு ஆள் நிக்கவேணும்."

"நீங்க எந்த வாசலால அண்ணே லண்டனுக்குப் போனீங்க?"

"பின்வாசலால. ஒருத்தரும் வா எண்டு கூப்பிடேல்லை. அதாலதான் சொல்லுறன், முன்வாசல் வேணும்."

நானா தராசுப் பக்கம் திரும்பினார். இறைச்சியைக் கொஞ்சம் கூடவே நிறுத்துக் கொடுத்தார்.

அண்ணைக்குப் பாரிசில் ஒரு தம்பி. அவர் பலசரக்குக் கடைக்காரர். லண்டனிலிருந்து மிளகாய்த்தூளும் அப்பளமும் வான் வண்டியில் ஏற்றித்தான் கடை நடந்தது. பிரித்தானியா பிரிந்த பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பத்திரம் கேட்டார்கள். சாமான் வழியில் கிடந்தது. தம்பி பொறுத்துக்கொண்டார். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அண்ணை தன் கையால் ஆட்டுக்கறி காய்ச்சிக்கொண்டு போனார். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே அண்ணன் காய்ச்சும் கறி என்றால் உயிர். பிரித்தானியாவிலிருந்து இறைச்சி கொண்டுவரக்கூடாது என்று பிரெஞ்சு அதிகாரிகள் அதைத் துறைமுகத்திலேயே கொட்டிவிட்டார்கள். இந்தக் கதையை அண்ணை முதலில் சொன்னபோது கறி ஒரு சின்னச் சட்டியில் இருந்தது. பிறகு பானையானது. பிறகு கிடாரம்.

வெறுங்கையோடு போய் நின்றவரிடம் விருந்தாளிகள் முன்னால் தம்பி சொன்னாராம்: "உன்ர வோட்டுத்தான் அண்ணா என்ர கறியைத் திண்டது."

சபை சிரித்தது. அண்ணை சாப்பிடாமல் லண்டன் திரும்பினார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

போன மார்கழியில் அந்தத் தம்பி ரொறொன்ரோ வருவதாக அண்ணையின் மகளுக்குச் செய்தி அனுப்பினார். அன்று மகளுக்கு வேலை. என்னைக் காரில் கூட்டிப்போகக் கேட்டார் அண்ணை. வழி முழுக்க ஒரே கேள்வி. "கதைப்பானோ பிள்ளை?" நான் ஓம், ஓம் என்றேன். எனக்கு என்ன தெரியும்?

விமான நிலையத்தில் எல்லோரும் வெளியே வந்து முடிந்த பிறகு தம்பி வந்தார். முகம் வாடியிருந்தது. அண்ணையைக் கண்டதும் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அண்ணா, உனக்கு ஆட்டுக்கறி காய்ச்சிக்கொண்டு வந்தனான். உள்ள பறிச்சுப் போட்டாங்கள்."

அண்ணை தம்பி வெளியே வந்த வாசலை எட்டிப் பார்த்தார்.

"வாசலில ஆள் நிண்டவனோ?"

"நிண்டவன்."

"விசர் பிடிச்ச வாசல்," என்றார் அண்ணை. தம்பியின் கையைப் பிடித்தார்.

நான் கார் எடுத்துவரப் போவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் அழுவதை ஒருவர் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது.

அடுத்த நாள் காலை இருவரும் கடைக்கு வந்து ஆட்டிறைச்சி வாங்கினார்கள். எந்த நாட்டு ஆடு என்று அண்ணை கேட்கவில்லை.