மூன்றாவது திட்டுக்கு அப்பால்

பாதி வீச்சில் குணசீலனின் தூண்டில் ரீலில் கம்பி வளையம் தானாகவே ‘டக்’கென்று மூடிக்கொண்டது. நூல் அறுந்தது. ஈயக்குண்டும் அதோடு கட்டியிருந்த துணிப் பொட்டலமும் கடலை விட்டுவிட்டு இடப்பக்கமாகப் பறந்து தெம்பியின் மத்தி மீன் வாளிக்குள் விழுந்தன.

தெம்பி அலறினாள். டர்பன் கடற்கரையில் இருபது வருஷமாகத் தூண்டிலுக்கு இரை விற்கிறவள் அவள். வானத்திலிருந்து வாளிக்குள் எதுவும் வந்து விழுந்ததில்லை.

“ஆளைக் கொல்லப் பாக்கிறியா? என்னது இது, மாவா?”

“தொடாதே தெம்பி!” குணசீலன் மணலில் விழுந்தெழுந்து ஓடினான். “அது எங்க அண்ணன்!”

தெம்பியின் கையிலிருந்து வாளி நழுவியது. “லோகா அங்கிளா?”

வாளியிலிருந்த மீன், சாம்பல் எல்லாவற்றையும் சேர்த்துக் கரையோரமாகவே கடலில் கொட்ட வேண்டியதாயிற்று. கொட்டி முடிப்பதற்குள் கடற்பறவைகள் மீனுக்கு வந்துவிட்டன. குணசீலன் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி நடந்தான்.

அண்ணன் லோகநாதன் போய்ப் பதின்மூன்று நாள். அன்று காலை உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் அஸ்தியைக் கரைத்தாயிற்று. மூன்று கைப்பிடி மட்டும் மெல்லிய துணியில் தனித்தனியாக முடிந்து வைத்திருந்தார்கள். ஆறடி மனிதர், அந்தப் பொட்டலங்கள் கையில் கனக்கவே இல்லை.

“என்னை மூணாவது திட்டுக்கு அப்பால எறியணும். நம்ம வீட்டு மர ரீல்லதான் எறியணும்.” ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது இவ்வளவுதான். யார் எறிவது என்று சொல்லவில்லை. “கூடப் பிறந்தவன் நான் இருக்கேனே” என்று குணசீலனே முன்னால் வந்து நின்றான்.

கடலுக்கடியில் இருக்கும் மூன்றாவது மணல் திட்டு கரையிலிருந்து நூற்றைம்பது மீட்டர். தூண்டில்காரர் சங்கத்திலேயே அதைத் தாண்டி எறிந்தவர் என்று பேர் வாங்கியவர் லோகநாதன் ஒருவர்தான். அவர் எறிவதை மட்டும் சங்கத்தில் யாரும் பார்த்ததில்லை. விடியுமுன் மனைவி பாக்கியத்தோடு போவார். வெயில் ஏறும்போது பெரிய மீனோடு திரும்புவார். “நாலு பேர் பாத்தா எனக்குக் கை ஓடாது” என்பார்.

அந்த மர ரீல் சாப்பாட்டுத் தட்டு அகலம். பிரேக் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. “இது ரீலா அண்ணே, மாட்டு வண்டிச் சக்கரம்” என்று குணசீலன் முப்பது வருஷம் கேலி செய்திருக்கிறான். “உன்னுது காப்பிக் கொட்டை அரைக்கிற மிஷின்டா” என்று பதில் வரும். அந்த மிஷின்தான் இப்போது முதல் பொட்டலத்தை வாளிக்குள் போட்டது.

“அவரு மர ரீல்லன்னுதானே சொன்னாரு?” என்றாள் பாக்கியம். இரைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“தூரம் போனா சரிதானே அண்ணி.”

“ஏன் ஆண்ட்டி, நீங்களே...” என்று தெம்பி ஆரம்பித்தாள். பாக்கியம் ஒரு பார்வை பார்த்தாள். தெம்பி மீதியை விழுங்கிவிட்டாள்.

சடங்குக்கு வந்திருந்த குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “தம்பி, தண்ணி ஏறுது. பத்து மணிக்கு சாட்ஸ்வொர்த்துல எனக்கு ஒரு வீடு குடிபோறது இருக்கு.”

“ரெண்டே நிமிஷம் சாமி.”

குணசீலன் அடுத்த வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கி வந்த உருளை ரீலை எடுத்தான். பிரேக்கைத் தளர்த்தினால் தூரம் கூடும் என்று வீடியோவில் பார்த்திருந்தான். தளர்த்தினான். இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். அவன் தூண்டிலைத் தோளுக்கு மேல் தூக்கியதுமே பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள்.

குண்டு போன வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றியது. நூல் பொங்கிக் குருவிக்கூடாகிச் சிக்கி நின்றது. பறந்துகொண்டிருந்த பொட்டலம் நடுவானில் எதையோ மறந்துவிட்டாற்போல நின்று, பின்னால் திரும்பி வந்து, குருக்களின் நெஞ்சில் வெடித்தது.

தலைமுதல் இடுப்புவரை வெள்ளையாக நின்றார் குருக்கள்.

“இந்தக் கோலத்துல என்னைப் புது வீட்டுக்குள்ள விடுவாங்களாய்யா?” என்றார்.

“தட்டாதீங்க சாமி! அப்படியே கடல்ல ஒரு முழுக்குப் போட்டுருங்க. அண்ணன் அதுல கரைஞ்சிடுவாரு.”

குருக்கள் வேட்டியோடு கடலுக்குள் இறங்கினார்.

மிச்சம் ஒரே ஒரு பொட்டலம். இதுவும் போனால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு போனதுதான். வேறு வழியில்லாமல் குணசீலன் மர ரீலைத் தூண்டிலில் மாட்டினான். முதலில் வெறும் குண்டை எறிந்து பார்த்தான். சக்கரம் சீறியது. கட்டைவிரலால் அழுத்தப் போனான், தோல் பொசுங்கியது. கையை நகர்த்தினான், சுழன்ற கைப்பிடி விரல் முட்டியில் நாலு அடி வைத்தது. குண்டு முதல் திட்டைக்கூடத் தொடவில்லை.

“ஐயோ! விரலு போச்சு!”

நாலு விரலும் வீங்கி மடங்க மறுத்தன. அலை முழங்காலுக்கு வந்துவிட்டது. குணசீலன் பின்னால் நகர்ந்து ஈர மணலில் உட்கார்ந்துவிட்டான். “என்னால முடியலை அண்ணி. அண்ணனுக்கு இந்த ஒண்ணுகூடச் செய்ய முடியலை.”

பாக்கியம் எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அவன் கட்டியிருந்த குண்டைக் கையில் நிறுத்துப் பார்த்து, “இந்தக் காத்துக்கு இது காணாது” என்று அவிழ்த்துப் போட்டாள். இரைப் பெட்டியிலிருந்து கனமான ஒன்றை எடுத்துக் கட்டினாள். கடைசிப் பொட்டலத்தையும் கட்டினாள்.

“அண்ணி, வேணாம், கை போயிரும்!”

அவள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தூண்டில் நுனியை மணலோடு தாழ்த்தி, பொட்டலத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து முழு உடம்பும் திரும்பியது. இடது உள்ளங்கை சக்கரத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. சீறல் இல்லை, ஒரே சீரான முனகல். பொட்டலம் முதல் திட்டைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவது அலை உடையும் இடத்துக்கும் அப்பால், பச்சைத் தண்ணீரில், சின்னதாக வெள்ளையாக ஒரு தெறிப்பு.

குருக்கள் கழுத்தளவுத் தண்ணீரில் கும்பிட்டபடி நின்றார். குணசீலன் மணலிலிருந்து எழுந்து வந்தான்.

“அண்ணி... அண்ணன் உங்களுக்கு எப்போ கத்துக் குடுத்தாரு?”

பாக்கியம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலி வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு தெம்பிதான் சொன்னாள்:

“அங்கிள் எறிஞ்சு நான் பாத்ததே இல்லையே! எப்பவும் ஆண்ட்டிதான் எறிவாங்க, அவரு நூலச் சுத்திக்கிட்டு நிப்பாரு.”