புதுப்பட்டினத்தில் நாற்பத்தொரு காசு கம்மி

சிலருக்குக் குடிப்பழக்கம் இருக்கும், சிலருக்குச் சீட்டாட்டம். எனக்கு இருந்தது பெட்ரோல் விலைப் பழக்கம். 'இருந்தது' என்று இறந்த காலத்தில் எழுதும்போதே மனசுக்கு ஒரு நிம்மதி. காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்பதால் ஐந்து ஐம்பத்தெட்டுக்கே எழுந்து கைபேசியோடு உட்கார்ந்துவிடுவேன். (சாமி கும்பிடுவதற்குக்கூட நான் அந்த நேரத்துக்கு எழுந்ததில்லை.)

அப்போது நான் பிளாஸ்டிக் குழாய் விற்கும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. வீடு செங்கல்பட்டில். வேலை என்னவோ செய்யூரிலிருந்து முட்டுக்காடு வரைக்கும் ஒவ்வொரு ஹார்டுவேர் கடையாக ஏறி இறங்குவது. ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒவ்வொரு பங்க்கிலும் ஒரு விலை. கிடங்கிலிருந்து லாரி எவ்வளவு தூரம் வருகிறது என்பதைப் பொறுத்து இங்கே பத்து காசு ஏறும், அங்கே இருபது காசு இறங்கும். இது ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கண்டுகொள்வதில்லை. நான் கண்டுகொண்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த ஊரில் என்ன விலை என்று சொல்வேன். செய்யூர்ப் பக்கம் வேலை இருந்தால், அப்படியே புதுச்சேரி எல்லை வரைக்கும் போய், ரூபாய்க் கணக்கில் குறைவாகக் கிடைக்கும் பெட்ரோலைக் கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொண்டு திரும்புவேன். அதற்காகப் போக வர எரிந்த பெட்ரோலை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது சுற்றுலாவில் சேர்த்தி.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி உமா அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை. போன முறை ஒன்றரை மதிப்பெண்ணில் கை நழுவிப் போயிருந்தது. நாலு மணிக்கு எழுந்து படிப்பாள். அடுப்புக்கு மேலே சோழர்கள், பிரிட்ஜ் கதவில் ஐந்தாண்டுத் திட்டங்கள், குளியலறைக் கண்ணாடியில் திருத்தச் சட்டங்கள் என்று வீடு முழுக்கக் காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். நான் சவரம் செய்துகொண்டே நாற்பத்து நாலாவது திருத்தம் வரைக்கும் தேறிவிட்டேன். "இந்தத் தடவையும் வரலன்னா துணிக்கடையில பில் போடற வேலைக்குப் போயிடறேன். இதுக்கு மேல என்னால முடியாது" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேர்வு மையம் புதுப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் வந்து காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு மணி நேரம். ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும் என்று உமா சொன்னாள். ஏழேகாலுக்கே கிளம்பலாம் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

முந்தின நாள் சாயங்காலம் மகளை மாமனார் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வண்டியின் முள் சிவப்பில் படுத்திருந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பங்க். வண்டியை உள்ளே திருப்பக்கூடத் திருப்பிவிட்டேன். அப்போதுதான், நாளைக்கு எப்படியும் புதுப்பட்டினம் போகிறோமே, அங்கே நாற்பத்தொரு காசு கம்மியாயிற்றே என்று ஞாபகம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் கடற்கரைப் பக்கம் விலை கூடுதலாக இருக்க வேண்டும். ஏனோ ஊருக்குள் நுழையும் இடத்தில் அந்த ஒரு பங்க்கில் மட்டும் குறைவு. அதைக் கண்டுபிடித்தவன் நான். முள் படுத்த பிறகும் என் வண்டி நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்பது என் அனுபவம். புதுப்பட்டினம் முப்பது சொச்சம். தாராளம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் பூஜை, நாஸ்தா, ஹால்டிக்கெட்டை மூன்று முறை சரிபார்ப்பது எல்லாம் முடிந்து கிளம்ப ஏழரை தாண்டிவிட்டது. உமா ஏறி உட்கார்ந்ததும், "பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு இருக்கு" என்றேன். வழியில் மூன்று பங்க்குகளைத் தாண்டினோம். திருக்கழுக்குன்றத்துப் பங்க்கில் ஒரு வண்டிகூட இல்லை. சும்மா நின்றிருந்த ஊழியர் வாங்க வாங்க என்று கையைக்கூடக் காட்டினார். அவருடைய விலை எனக்குத் தெரியும் என்பதால் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ஒரு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு. மணி எட்டேகால்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே பாதியாகக் குறைந்திருக்கும். நான் "பிளக்குல அடைப்பு" என்றேன். (பிளக் எங்கே இருக்கிறது என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.) கீழே குந்தி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் இழுத்துப் பார்த்தேன், ஊதினேன், துடைத்தேன். கிக்கரை உதைத்தேன். உமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தாள். போன இரண்டு பஸ்களும் நிற்கவில்லை. அவள் திட்டவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள் என்று புரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தும் பிளக்கை விடவில்லை.

எட்டரை தாண்டியதும் செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் கோணிச் சாக்கு மூடிய ஐஸ் பாளங்கள், தண்ணீர் சொட்டச் சொட்ட. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் இறங்கி வந்தார்.

"இன்னா சார், மக்கர் பண்ணுதா?"

பிளக் என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்தார். ஸ்கூட்டரை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். காதை வைத்துக் கேட்டார். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் ஆட்டினார்.

"பிளக்கெல்லாம் நல்லாத்தான் கீது சார். டேங்க்குலதான் வெறும் காத்து கீது."

உமா என்னைப் பார்த்தாள். திருக்கழுக்குன்றத்தில் அந்த ஆள் கை காட்டினானே என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

"புதுப்பட்டினத்துல நாப்பத்தொரு காசு கம்மி, உமா."

"லிட்டருக்கா?" என்று கேட்டார் ஐஸ் வண்டிக்காரர். ஆமாம் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு உமாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். என் கணக்கில் தப்பில்லை, அது நான் தனியாக ஓட்டுகிற கணக்கு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் பாரம் கூடுமில்லையா, அதைத்தான் சேர்க்க மறந்துவிட்டேன் என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தின் நடுவிலேயே, இது போகக் கூடாத ஊருக்குப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் உமா என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதற்குப் பிறகும் இல்லை.

பரீட்சை, ஒன்பது மணி, கேட் என்று மூன்றே வார்த்தையில் உமா அவரிடம் சொன்னாள். அவரும் மேலே எதுவும் கேட்கவில்லை.

"நானும் அங்க குப்பத்துக்குத்தான் ஐஸ் எறக்கப் போய்கினு கீறேன். ஏறு தங்கச்சி. அண்ணாத்த வண்டிய தள்ளிகினு வரட்டும்."

முன்னால் ஒரு ஆள் உட்காரும் இடம்தான். நான் பின்னால் ஐஸ் மேல் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். என் யோசனைகளுக்கு அன்றைக்கு மரியாதை இல்லை. மணி எட்டு முப்பத்தெட்டுக்கு வண்டி கிளம்பியது, பாரத்தோடு மெதுவாக. உமா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கைபேசி என் சட்டைப் பையில் இருப்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. தேர்வு அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்று என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்று கேட்க எனக்கு வழியே இல்லை.

ஒரு கிலோமீட்டருக்கு மேல் வண்டியைத் தள்ளினேன். ஒரு பெட்டிக்கடை வந்தது. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் தொங்கியது. கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பங்க்கைவிட இருபது ரூபாய் ஜாஸ்தி, அப்புறம் சண்டை போடக் கூடாது என்று முன்கூட்டியே எச்சரித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வார்த்தை பேசாமல் பெட்ரோல் வாங்கினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஒன்பதேகால். கேட் மூடியிருந்தது. வெளியே ஏழெட்டுப் பேர். ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு பையன் ஹால்டிக்கெட்டை உள்ளே நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உமா இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட கையோடு, ஒருவேளை வந்து பார்த்துவிட்டுக் கேட் மூடியிருந்ததால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாளோ என்று தோன்றியது. காவலாளியிடம் போய், பச்சைச் சுடிதார் போட்டவர் ஐஸ் வண்டியில் வந்தாரா என்று கேட்டேன். அவர் ஏற்கனவே கடுப்பில் இருந்தார். தள்ளிப் போய் நில்லுங்க என்று கையைக் காட்டினார்.

அழுத பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். பஸ் வரவில்லையாம். உங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். ஐயோ பாவம் என்றார். ஏன் தீர்ந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவே கிடையாது. அந்தப் பெண்ணுக்கு பஸ் வராததால் போயிற்று. உமாவுக்குப் போயிருந்தால், நாற்பத்தொரு காசுக்குப் போயிருக்கும். மூன்றேகால் மணி நேரம் எதிரே இருந்த புங்க மரத்தடியில் உட்கார்ந்து, இன்றைக்கு அவள் மட்டும் உள்ளே இருந்துவிட்டால் இனி விலையே பார்க்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்குக் கேட் திறந்தது. நூறு பேருக்கு நடுவில் உமா வந்தாள். சுடிதாரின் ஒரு பக்கம் ஐஸ் தண்ணீர் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது. பக்கத்தில் வந்ததும் லேசாக மீன் வாசனை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கேட்ட இழுத்துகினு இருந்தாங்க" என்றாள். "அந்த அண்ணன் ஹாரன அமுக்கினே போயி வண்டி மூக்க உள்ள நொழச்சிட்டாரு. அவங்களால மூட முடியல. நான் குதிச்சு ஓடிட்டேன்."

எப்படி எழுதினாய் என்று கேட்டேன். நல்லா எழுதினேன் என்றாள். நான் அழ ஆரம்பித்ததும் அவளுக்குக் கோபமெல்லாம் போய், எல்லோரும் பார்க்கிறார்கள், எழுந்திருங்க என்று கையைப் பிடித்துத் தூக்கினாள்.

திரும்பும்போது, அவ்வளவு பாடுபடுத்திய அந்தப் பங்க்கில்தான் பெட்ரோல் போட வேண்டும் என்று அவளே பிடிவாதமாகச் சொன்னாள். போய் நிறுத்தினோம். பலகையைப் பார்த்தேன். பரீட்சை அவசரத்தில் அன்று காலை ஆறு மணிக்கு நான் கைபேசியைப் பார்க்கவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தால், அன்றைக்கென்று அங்கே விலை ஏறி, செங்கல்பட்டைவிட ஆறு காசு கூடுதலாகியிருந்தது. நான் அதைச் சொன்னதும் உமா பலகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பங்க் ஊழியர் குழாயைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தத் தேர்வில் உமா தேறினாள். வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போய் ஐஸ் வண்டிக்காரரைத் தேடினோம். அவர் உமாவை விசாரித்துவிட்டு, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் என்னை அறிமுகப்படுத்தி வைத்தார். என் பெயர் அவருக்குத் தெரியாது, காசுக் கணக்கு மட்டும் தெரியும். இன்றைக்கும் அந்தக் குப்பத்தில் நான் நாப்பத்தொரு காசுதான்.

முதல் சம்பளம் வந்த அன்று சாயங்காலம் உமா என்னை வீட்டுக்குப் பக்கத்துப் பங்க்குக்குக் கூட்டிப்போனாள். ஊரிலேயே விலை அதிகமான பங்க் அது. ஃபுல் டேங்க் என்றாள். ஊழியர் குழாயைச் செருகியதும், விலை ஓடுகிற கண்ணாடிக்கு முன்னால் போய், துப்பட்டாவை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். டேங்க் நிரம்புகிற வரைக்கும் நகரவில்லை. என் பக்கம் திரும்பி, "ரொம்பனதும் சொல்றேன், அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள்.

அது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. உமா கூட வந்தால் உமா மறைப்பாள், வராத நாளில் என் மகள் இறங்கிப் போய்ப் பள்ளிக்கூடப் பையை விரித்துக்கொண்டு நிற்பாள். மாமனார் ஒருமுறை வேட்டியால் மறைத்தார். பங்க் ஊழியர்களும் பழகிவிட்டார்கள். நான் எட்டிப் பார்ப்பதில்லை, எட்டிப் பார்க்கத் தோன்றுவதும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்குச் செங்கல்பட்டில் பெட்ரோல் என்ன விலை என்று எனக்குத் தெரியாது.