ஊரிலை எவடம் என்று கேட்ட குற்றம்

காணொளித் தளத்தின் மேலதிகாரி அவர்களுக்கு,

ரொறன்ரோ, வோபர்னிலிருந்து ஸ்ரீஸ்கந்தராசா எழுதிக்கொள்வது. நான் நலம் என்று தொடங்கத்தான் பார்த்தேன், எழுத வரவில்லை. தாங்களாவது நலமாக இருங்கள்.

என் மனைவி புனிதவதி சீனி வருத்தக்காரருக்கான, அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கான, சமையலைத் தங்கள் தளத்தில் ஒரு சனல் வைத்துச் சொல்லிக்கொடுத்து வந்தார். கமரா பிடித்தது நான். அதனால் பாதிக் காணொளிகளில் அவருடைய தலை இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. போன விண்டரில் புனிதம் போய்விட்டார். அதன்பிறகு கீழே கருத்து எழுதுகிறவர்களுக்கு நான்தான் மறுமொழி போட்டேன். வீட்டுக்கு வந்தவர்களோடு கதைக்காமல் விடலாமா? "மிக்க நன்றி. நீங்கள் ஊரிலை எவடம்?" என்று, எந்த இடத்து ஆள் என்றறிய, எல்லாரையும் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. வேரோனிக்கா என்றொரு பிள்ளை எந்தக் கறிக்கும் "அருமை அன்பே, என் பக்கத்துக்கு வாருங்கள்" என்று எழுதும். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கரம்பன் வேரோனிக்காவோ, பாசையூர் வேரோனிக்காவோ என்று விசாரித்தேன். புனிதத்தின் மரண அறிவித்தலைப் போட்டபோதும் "அருமை அன்பே" என்றே எழுதியது. பதற்றத்தில் எழுதிவிட்டது என்று மன்னித்தேன். மகள் கௌசிதான், "அப்பா, உது ஆளில்லை, பொட். மெஷின் எழுதுது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு, போலிகளைக் களைந்து தரமானவர்களையே இனிக் கௌரவிப்போம் என்று அறிவித்தீர்கள். சந்தோசப்பட்டேன். அடுத்த கிழமை பார்த்தால் வேரோனிக்கா வேறு சனல்களில் சுகமாக இருக்கிறது, எங்கள் சனல் பூட்டிக் கிடக்கிறது. ஒரே வசனத்தை எல்லாருக்கும் எழுதியதால் நான்தான் பொட்டாம். ஐயா, அப்படிப் பார்த்தால் ஸ்காபரோவில் கலியாணவீட்டுக்கு வந்து எவடம் என்று கேட்கிற முழுப்பேரும் பொட்தான்.

இன்னொரு சனலில் மெஷின் குரல் ஒன்று புனிதத்தின் கறிகளை அப்படியே ஒப்புவிக்கிறது. "உப்பைப் பாத்துப் போடுங்கோ" என்பதையும் விடவில்லை. புனிதம் அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு செருமல் செருமுவார், எனக்கு இரத்தப் பிறஷர், உப்புக் கூடாது. அந்தச் செருமல் மெஷினிடம் இல்லை. ஆனாலும் சனம் அதைத்தான் பார்க்கிறது.

தரத்தை மதிக்கிறோம் என்ற தாங்கள் சனலைத் திறந்துவிட வேண்டும். அவருடைய குரல் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. தங்கள் குடும்பத்தாருக்கு என் அன்பு. தாங்கள் ஊரில் எவடம் என்று கேட்க வாய் உன்னுகிறது, கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்ரீஸ்கந்தராசா, மனிதன்

பி.கு: கௌசி இப்போதுதான் பார்த்துச் சொன்னாள், பொட்டுகளைக் கழித்தால் எங்கள் சனலைப் பார்த்தது இந்த வீட்டு ஆள் மட்டும்தானாம். ஓம், அது நான்தான். தனியச் சமைக்கும்போது அவருடைய காணொளியைப் போட்டுவிடுவன். எனக்குக் கௌரவம் ஒன்றும் வேண்டாம், சனலும் பூட்டியே இருக்கட்டும். அந்தச் செருமல் உள்ள காணொளியை மட்டும் அனுப்பிவிடுங்கோ. உப்புக் கூடிப்போகுது.