பன்றிக்குட்டிக்குச் சேற்று டியூஷன்

ஒரு காட்டில் எல்லாம் இருந்தது. மரம் இருந்தது, ஓடை இருந்தது, கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும் அருமையான சேறு இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: இயற்கையோடு இணைந்த மழலையர் பள்ளி. அந்தக் குறையையும் மயில் மேடம் தீர்த்துவைத்தார். ஒரு ஆலமரத்தடியை வளைத்து மூங்கில் வேலி போட்டு, ‘இங்கே பாடம் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. மண், தண்ணீர், இலை, விளையாட்டு மட்டுமே’ என்று பலகை மாட்டினார்.

மறுநாள் காலையில் வரிசை ஓடைவரை நின்றது. மான், கீரி, முயல் என்று பிள்ளை பெற்றவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அந்த வரிசையில் நாற்பதாவதாக நின்றாள் சொர்ணம் என்ற காட்டுப்பன்றி. அவளுக்கு ஒரே மகள். பேர் தேனிசை. வீட்டில் தேனு.

தேனுவை நினைத்துச் சொர்ணத்துக்குப் பெரிய கவலை. கண் விழித்ததும் அந்தக் குட்டி பள்ளத்துச் சேற்றுக்கு ஓடிவிடும். வெயில் சாயும்வரை புரளும், தவளையோடு சண்டை போடும், மூக்கால் மண்ணைக் கிண்டிக் கோரைக்கிழங்கு எடுத்துத் தின்னும்.

“பொழுதுக்கும் இப்படி விளையாடிக்கிட்டே இருந்தா இது எப்பங்க உருப்படும்?” என்று புருஷன் காத்தமுத்துவிடம் புலம்புவாள். காத்தமுத்து சேற்றில் படுத்தபடியே ‘ம்’ கொட்டுவான். அதனால்தான், விளையாட்டை மட்டுமே சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் மகளை எப்படியாவது சேர்த்துவிடுவது என்று சொர்ணம் முடிவுகட்டியிருந்தாள்.

விண்ணப்பப் படிவத்தை வாங்கிப் பார்த்தது ஆமை குமாஸ்தா. ‘குழந்தை தினமும் இயற்கையோடு செலவிடும் நேரம்’ என்ற இடத்தில் சொர்ணம் ‘நாள் பூராவும்’ என்று எழுதியிருந்தாள்.

“வழிகாட்டி யாராவது கூட இருந்தாங்களா?” என்றது ஆமை.

“இல்லீங்க. அதுபாட்டுக்குக் காட்டுல திரியும்.”

“அதெல்லாம் சேராதும்மா. பூஜ்யம்னு போடுங்க.”

சொர்ணம் பூஜ்யம் போட்டாள். நேர்காணலுக்குத் தேதி கொடுத்தார்கள்.

நேர்காணல் அன்றைக்குத் தேனு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஓடையில் மூன்று முறை முக்கி எடுத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்த்தாள் அம்மாக்காரி. குளம்பு இடுக்கில் இருந்த மண்ணைக்கூட முள்ளால் நோண்டி எடுத்தாள். காதில் ஒரு செம்பருத்தியையும் செருகி, “வழியில எங்கயாவது சேத்துல கால வச்சே, தோலை உரிச்சிருவேன்” என்று சொல்லிக் கூட்டிப்போனாள்.

பள்ளியில் ஒரு தொட்டி நிறையச் சேறு குழைத்து வைத்திருந்தார்கள். கல் பொறுக்கி, சலித்து, குழைத்த சேறு.

“விளையாடு கண்ணு” என்றார் மயில் மேடம்.

தேனுவுக்கு மூக்கு துடித்தது. வால் தானாக ஆடியது. இருந்தாலும் தோல் முக்கியமல்லவா? அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கால்களை ஒடுக்கிக்கொண்டு, “வேணாம் மிஸ். அழுக்கு” என்றாள்.

மயில் மேடம் உச்சுக்கொட்டினார். “பிள்ளைக்கு மண்ணோட தொடர்பே இல்லையேம்மா. பாவம். ஒரு மாசம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க. அப்பவும் இப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அடுத்து உள்ளே போன முயல் பூரணியின் பிள்ளைகள் நாலும் தொட்டியில் குதித்து மேடத்தின் கொண்டைவரை சேற்றை வாரி அடித்தன. நாலுக்கும் அங்கேயே இடம் கிடைத்தது.

சொர்ணத்துக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பன்றியாகப் பிறந்த பிள்ளை சேற்றில் பெயிலானது என்று வெளியில் சொல்லத்தான் முடியுமா? பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பூரணிதான் விஷயத்தைச் சொன்னாள்.

“நாங்க மட்டும் சும்மாவா வந்தோம்? இதுங்க நாலும் கொக்கு சார்கிட்ட சேத்து டியூஷன் போயிருக்குதுங்க. நீயும் சேத்துவிடுக்கா.”

குளத்தோரம் ஒற்றைக் காலில் நின்று கொக்கு சார் டியூஷன் எடுத்தார். “பத்து வருஷமா சேத்துல நிக்கிறேன். இறக்கைல ஒரு பொட்டு பட்டிருக்குமா பாருங்க” என்று பெற்றோர்களிடம் பெருமையாகக் காட்டுவார். அவருடைய முறை சுத்தமானது. முதலில் வலது கால். பிறகு இடது கால். பிறகு முழங்கால். மூன்று முறை தெறிக்கவிட வேண்டும். மூன்றாவது தெறிப்பு முடிந்ததும் சிரிக்க வேண்டும். சிரிப்பு ரொம்ப நீளக் கூடாது, நடிப்பதுபோல் தெரிந்துவிடும்.

மாலை நாலிலிருந்து ஐந்துவரை வகுப்பு. மற்ற நேரத்தில் வீட்டில் பயிற்சி. முதல் வாரம் தேனு நடுவில் நழுவிப் பள்ளத்துப் பக்கம் ஓடப் பார்த்தாள். சொர்ணம் வாலைப் பிடித்து இழுத்துவந்தாள். “அங்க கண்டபடி புரண்டா, சார் சொல்லிக்கொடுத்த முறை மறந்துபோகும்டி!”

“அதுபாட்டுக்குப் புரளட்டும், விடேன்” என்றான் சேற்றில் கிடந்த காத்தமுத்து.

“உங்களை மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் நான் இந்தப் பாடு படுறேன்” என்றாள் சொர்ணம். அவன் சேற்றில் மறுபக்கம் புரண்டு படுத்துக்கொண்டான்.

மாதம் முடிந்தது. தேனு தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். வலது கால், இடது கால், முழங்கால், மூன்று தெறிப்பு, ஒரு சிரிப்பு. மயில் மேடத்துக்குக் கொண்டை சிலிர்த்துவிட்டது. “எவ்வளவு இயல்பா விளையாடுறா பாருங்க!” என்று சொல்லி, பதிவேட்டில் ‘தன்னிச்சையான ஆர்வம்’ என்று எழுதினார். இடம் கிடைத்துவிட்டது. சொர்ணம் அன்று பார்த்தவர்களுக்கெல்லாம் விளாம்பழம் கொடுத்தாள்.

பள்ளி தொடங்கி நாலு மாதத்தில் கோடை வந்தது. பன்றிக்கு வியர்க்காது, உங்களுக்கே தெரியும். வெயில் ஏறினால் சேறுதான் உயிரைக் காக்கும். ஒருநாள் மதியம் சொர்ணம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் வழியில் தேனுவுக்கு மூச்சு வாங்கியது. காது இரண்டும் தொங்கிப்போயின. சொர்ணம் பயந்துபோய்ப் பள்ளத்தோரம் நிறுத்தி, “இறங்குடி தங்கம்” என்றாள்.

“மிஸ் இன்னும் மணி அடிக்கலையேம்மா.”

“மணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இறங்கு முதல்ல!”

தேனு இறங்கினாள். வலது கால், இடது கால், முழங்கால், மூன்று தெறிப்பு, ஒரு சிரிப்பு. உடனே கரையேறிவிட்டாள். வயிறு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“நல்லாப் புரளும்மா” என்றாள் சொர்ணம்.

“புரளுறது இப்ப இல்லம்மா. அது யூகேஜிலதான்.”

சொர்ணம் மகளின் காய்ந்த முதுகைத் தடவிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேனே என்று நினைத்தவள், தேனுவைத் தூக்கிச் சேற்றில் போட்டுவிட்டுத் தானும் தொப்பென்று விழுந்தாள். மகளின் முதுகு முழுக்கச் சேற்றை வாரிப் பூசினாள். பிறகு நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தானும் புரண்டாள். எத்தனை நாள் ஆகியிருந்தது! உடம்பெல்லாம் குளிர்ந்தது. “இப்படித்தாண்டி! வா, அம்மா மாதிரி பண்ணு!” என்று கத்தினாள்.

தேனுவுக்கு மூச்சு சீராகிவிட்டது. எழுந்து கரைக்குப் போய், முகம் சுளித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, எல்லாத்தையும் தப்புத் தப்பாப் பண்ணுறே. வலது கால் முதல்ல. சீக்கிரம் எந்திரி, பூரணி அத்தை வர்றாங்க.”

சொர்ணம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பூரணி நாலு பிள்ளைகளோடு ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தாள்.

சொர்ணம் சட்டென்று எழுந்து கரையேறினாள். வலது காலை முதலில் வைத்து இறங்கினாள். மகள் கரையிலிருந்து எண்ணினாள். மூன்றாவது தெறிப்பு முடிந்ததும் சொர்ணம் மறக்காமல் சிரித்தாள்.

நீதி: பிள்ளை தானாக விளையாடினால் அது சேட்டை, சொல்லிக்கொடுத்து விளையாடினால் அது கல்வி. பெற்றோர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.