மூன்று சாட்சி இல்லாமல் வளைக்குள் வரக் கூடாது

ஒரு காட்டில் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சிங்கம் ஒன்று இருந்தது. தானாகக் கட்டுப்படவில்லை. அதன் தாத்தா ஒருமுறை யானைக்குழிக்குள் விழுந்துவிட்டது. மிருகங்கள் சும்மா தூக்கிவிடுமா? ஒரு சாசனம் எழுதி, மேலேயிருந்து நீட்டி, கால்ரேகை வாங்கிக்கொண்டு பிறகுதான் ஏறிவரக் காட்டுக்கொடியை இறக்கின.

அந்தச் சாசனத்தைக் கொக்கு சிஸ்டர்கள் தங்கள் பள்ளியில் எல்லாக் குட்டிகளுக்கும் மனப்பாடம் செய்யவைத்தார்கள். அர்த்தம் கேட்டால் முட்டி போட வேண்டும். பிலோமினா என்ற முயல்தான் அதில் முதல் மார்க். இப்போது அவளுக்கே ஒரு குட்டி.

ஒருநாள் சிங்கம் அவள் வளை வாசலில் வந்து நின்றது.

"பிலோமினா, உன் பிள்ளையைக் கொஞ்சம் வெளியே அனுப்பும்மா. அவனுக்குக் காது நீளம். ராஜ ரகசியம் எதையாவது கேட்டிருப்பான்."

"பிறந்து ஒன்பது நாள்தான் ஆகுது, மகாராஜா!"

"காதுக்கு வயசு ஏது?"

பிலோமினா குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டாள். பயத்தில் வாய் தானாக ஒப்பித்தது.

"விதி ஏழு! மூன்று சாட்சிகள் கால்ரேகை வைக்காமல் அரசன் எவர் வளைக்குள்ளும் நுழையக் கூடாது. மீறினால் மறுபடியும் குழி!"

சிங்கம் கோபப்படவே இல்லை. "அருமையான விதி" என்று தலையாட்டிவிட்டுப் போய், ஓநாய், நரி, கழுதைப்புலி மூவரையும் கூட்டி வந்தது.

"மூணு சாட்சி. சரிதானேம்மா?"

பிலோமினா விதி எட்டை யோசித்துப் பார்த்தாள். விதி எட்டு என்று ஒன்றே கிடையாது.

"ரேகை எங்கே வைக்கணும்?" என்றது ஓநாய். "பின்னங்கால் ரெண்டும் எனக்கு, சொல்லிட்டேன்."

"பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லணும்ல? எனக்கு ஈரலும் தலையும்" என்றது நரி.

"மிச்சம் எனக்கு" என்றது கழுதைப்புலி.

"யோவ், ஒன்பது நாள் குட்டிய்யா அது! அப்ப எனக்கு?"

"வால் இருக்கே, மகாராஜா."

"முயலுக்கு ஏதுய்யா வால்?"

சாட்சிகள் ரேகை வைக்கக் காலைத் தூக்கவே இல்லை. சிங்கம் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, "வழக்கு தள்ளுபடி!" என்று உறுமிவிட்டு எருமை தேடிப் போயிற்று.

நீதி: அரசனைக் கட்டிப்போடச் சாசனம் மட்டும் போதாது, தாய்மார்களே, சாட்சிக்கு வருகிறவர்கள் பேராசைக்காரர்களாகவும் இருக்க வேண்டும். நல்லவர்கள் என்றால் பயந்துபோய்ச் சும்மாவே ரேகை வைத்துவிடுவார்கள்.